தயிர்க்காரிக்கு இரண்டாவது சாட்சி

பேய், ஆவி, அருள்வாக்கு ஆகிய எதையும் என் வீட்டு வாசற்படி ஏறவிட்டவன் அல்லன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தேன். அதிலும் குறிப்பாக ஒளியியல். வெளிச்சம் எப்படிச் செல்லும், எங்கே தடைபடும், தடைபட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லியே சோறு தின்றவன். ஆகவே சென்ற ஐப்பசியில் என் வீட்டுக் கொல்லையில் நடந்ததை நானே எழுத முன்வருகிறேன் என்றால், புதிதாக நம்பிக்கை பிறந்துவிட்டது என்று பொருளில்லை. கோபம்தான் காரணம்.

திருவையாற்றுக் கடைத்தெருவில் அந்தக் கதை இப்போது என்னென்னவோ வேடத்தில் உலவுகிறது. ஒருவர் வெள்ளைப் புடவை என்கிறார்; என் மனைவி வாழ்நாளில் வெள்ளைப் புடவை கட்டியதில்லை. இன்னொருவர் கொலுசுச் சத்தம் என்கிறார். யூடியூபில் ஏதோ நடத்துகிறாராம், ஓர் இளைஞர் கேமராவோடு வந்து நின்று, "சார், அம்மா எந்த எடத்துல தெரிஞ்சாங்கன்னு மட்டும் கை காட்டுங்க சார், அது போதும்" என்றார். அம்மா எங்கும் தெரியவில்லை என்றேன். "அதையே கேமராவப் பாத்துச் சொல்லுங்க சார்" என்றார். நான் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தேன்.

நடந்தது இவ்வளவுதான் என்று சொல்லி வைக்கிறேன். நம்புவது உங்கள் விருப்பம். நம்பாவிட்டால் உங்கள் மீது எனக்கு மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது.

என் மனைவி விசாலாட்சி, பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பின் மற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்பினார்கள். அவள் அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்யத் தொடங்கினாள். இரவில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் எதிரே நீலம் கலந்த வெளிச்சம் தரும் விளக்கை எரியவிட்டால் பூச்சிகள் வந்து துணியில் அமரும். படம் பிடித்துக்கொண்டு விளக்கை அணைத்தால் அவை தம் வழியே போய்விடும். எங்கள் பகுதியில் மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகைதான் அதற்கு உகந்த காலம். எங்கள் கொல்லையில், தெரிந்தவர்களின் தென்னந்தோப்புகளில், வனத்துறையிடம் அனுமதி பெற்றுப் பறவைகள் சரணாலயத்தின் விளிம்பில் எல்லாம் விளக்கு வைத்திருக்கிறோம். விளக்கும் பேட்டரியும் தாங்கியும் என் பொறுப்பு. பூச்சி அவள் பொறுப்பு.

விளக்கைத் துணியை ஒட்டியே தொங்கவிடுவது பலரின் வழக்கம். நான் அதைச் சில அடி தள்ளித் தாங்கியில் நிறுத்துவேன். அப்போதுதான் வெளிச்சம் துணி முழுவதும் சீராகப் படியும். அவளோ சரியாக விளக்குக்கும் துணிக்கும் நடுவில் போய் நிற்பாள். துணியில் அவள் நிழல் கறுப்பாக விழும். அந்த நிழலுக்குள் மட்டும் ஒரு பூச்சியும் அமராது. எத்தனை ஆண்டுகள் சொல்லியிருப்பேன்.

"விசாலம், நெழல் விழுது. தள்ளு."

"பூச்சி உங்க வெளக்குக்கு வருதா, எனக்கு வருதா?"

"வெளக்குக்குத்தான் வருது."

"அப்ப வெளக்கையே பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க பாப்போம்" என்பாள்; தள்ளவும் மாட்டாள்.

பெயர்கள் அவளே இட்டவை. சுருண்ட உணர்கொம்பு உடைய ஒன்று 'சித்தப்பா மீசை'. பருத்த உடலோடு வந்து, துணியின் நடுவே அமர்ந்து, விடியும்வரை அசையாத ஒன்று 'பட்டாமணியார்'. அவளுடைய தம்பி கலியமூர்த்தி நன்னிலம் பக்கம் நெல் விவசாயம் செய்பவர். அவருக்கு எங்கள் வேலை ஒரு தீராத வேடிக்கை.

"அத்தான், எங்க ஊர்ல வெளக்குப் பொறி வைக்கிறது குருத்துப்பூச்சியக் கொல்றதுக்கு. கீழ தண்ணிச் சட்டி, அதுல கொஞ்சம் மண்ணெண்ண. காலையில பாத்தா மெதக்கும். நீங்களும் அக்காவும் வெளக்கு போட்டுக் கூப்ட்டு, பேரு வெச்சு, போட்டோ புடிச்சு, பத்திரமா அனுப்பி வைக்கிறீங்க. அதுங்க நேரா எங்க வயலுக்குத்தான் வருதுங்க."

"நீ மருந்துக்கு அழுவுற காசுல எனக்கு ஒரு பல்பு வாங்கிக் குடுடா" என்பாள் அவள்.

நான் சொல்லவந்த அந்த மாலைக்கு முந்தைய ஆண்டு ஐப்பசியில், நான் ஊரில் இல்லாத ஒரு மாலையில், அவள் தனியாக விளக்கு வைத்திருந்தபோது ஒரு பூச்சி வந்தது. பாசி நிறச் சிறகு; அதன் குறுக்கே தயிர் சிந்தி வழிந்தது போல் ஒரு வெண்கறை. மலைக்காடுகளுக்கு உரியது என்று புத்தகங்கள் சொல்லும் பூச்சி, காவிரிக் கரையில், எங்கள் நாரத்தை மரத்தடியில். அது அவள் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மறு கையால் எடுத்த படம் கலங்கிப்போயிற்று. அவள் அதற்குத் 'தயிர்க்காரி' என்று பெயரிட்டு, படத்தையும் தன் கையால் வரைந்த ஓவியத்தையும், இத்தகைய பதிவுகளைத் தொகுக்கும் குழுவொன்றின் இணையதளத்துக்கு அனுப்பினாள்.

சில நாட்களில் பதிவு நீக்கப்பட்டது. சரிபார்ப்பாளர் ஒருவர் எழுதியிருந்தார்: படம் தெளிவாக இல்லை, இவ்வினம் சமவெளியில் இருக்க வாய்ப்பில்லை, உடன் இருந்து பார்த்த இரண்டாவது சாட்சியும் இல்லை, எனவே ஆர்வக் கோளாறாக இருக்கலாம். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை.

விசாலாட்சி அதை இரண்டு முறை வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "ஆர்வம் இருந்தது நெஜந்தான். கோளாறு எங்க இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள். தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைகளுக்குக் கரப்பானையும் மண்புழுவையும் அறுத்துக் காட்டி அடையாளம் சொல்லிக்கொடுத்தவளை, முகம் தெரியாத ஒருவர் ஒரு சிரிப்புப் பொம்மையால் வாயடைத்துவிட்டார். அவள் மறுப்பு எழுதினாள். பதில் வரவில்லை. அடுத்த ஆடியில் அவள் காலமானாள். அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே வேலை. தயிர்க்காரி மீண்டும் வர வேண்டும். அதைத் தெளிவாகப் படமெடுக்க வேண்டும். என் மனைவி கண்டது மெய் என்று அதே ஆட்கள் அதே இடத்தில் எழுத வேண்டும். வேறு எந்த ஆறுதலும் எனக்குத் தேவைப்படவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் அதைச் சொன்னபோது அவர்கள் என்னைப் பார்த்த பார்வையையும் நான் மறக்கவில்லை.

தீபாவளி வந்தது. துக்கம் நடந்த வீட்டில் அந்த ஆண்டு எண்ணெய்ச் சட்டி ஏற்றக் கூடாது என்பதால், கலியமூர்த்தியும் அவர் மனைவி செல்வியும் அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு முதல் நாளே வந்துவிட்டார்கள். பகலெல்லாம் பெய்த மழை மாலையில் வெறித்தது. நிலவில்லாத நாள், புழுக்கம், காற்று துளியும் இல்லை. பூச்சிகளுக்கு இதைவிட நல்ல மாலை அமையாது. விளக்கை எடுத்துத் தாங்கியில் பொருத்திவிட்டுத் துணியைத் தேடினால், துணி இல்லை.

நாங்கள் எப்போதும் கட்டுவது ஒரு பழைய கட்டில் விரிப்பு. செல்வியிடம் கேட்டேன்.

"அக்கா துணிமணியோட இருந்துச்சுண்ணே. பதினாறு முடிஞ்சதும் எல்லாத்தையும் சலவைக்காரம்மாகிட்ட குடுத்தோமே, அதோட போயிருக்கும்."

"அது அவ துணியில்ல. அது பூச்சித் துணி."

"எனக்கெப்படிண்ணே தெரியும், அக்காதான மடிச்சு வெச்சிருந்துச்சு."

அவர்கள் மீது குற்றமில்லை. ஆனால் அவள் தொட்டதெல்லாம் அவளோடு போக வேண்டும் என்ற அந்த விதியை யார் எழுதினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பீரோவைத் திறந்தேன். வெள்ளையாக அகலமாக இருந்தது ஒன்றுதான்: கோடி வேட்டி. மனைவியை இழந்தவனுக்கு அவளுடைய பிறந்த வீட்டார் பதினாறாம் நாள் போடும் புது வேட்டி; முனைகளில் மஞ்சள் தடவியிருக்கும். அன்றே அதைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது முறை. கலியமூர்த்தி அதை என் தோளில் போட்டபோது வாங்கிக்கொண்டேன்; கட்டவில்லை. மனைவி போனதற்குப் புத்தாடை அணிவது என்னால் இயலாது என்று சொல்லாமல் பீரோவில் வைத்துவிட்டேன். இப்போது அதை எடுத்துப் பிரித்து, நாரத்தை மரத்துக்கும் துணி காயவைக்கும் கம்பத்துக்கும் நடுவே, நீளவாக்கில் தரைவரை தொங்கும்படி கட்டினேன். துணி துணிதான்.

நள்ளிரவு என்று நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் பிள்ளைகள் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள். அடுக்களையில் செல்வி தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. நான் விளக்கைப் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் நாற்காலியில் அமர்ந்தேன்.

முதலில் பச்சைத் தத்துப்பூச்சிகள் வந்தன. டெல்டாவில் தீபாவளிச் சமயத்தில் தெருவிளக்குக்குக் கீழே கொட்டிக் கிடக்குமே, அவைதான். வேட்டியில் பச்சைப்பயறு தூவியது போல் அப்பின. அப்பிக்கொண்டே வந்தவை, ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டு அப்பின.

சிறிது நேரம் அதைப் பொருட்படுத்தாமல் இருந்தேன். பல்லி இருக்கலாம் என்று எழுந்து பார்த்தேன், இல்லை. வேட்டியை உதறினேன். எல்லாம் பறந்தன, மீண்டும் அமர்ந்தன, அதே இடம் காலியாகவே இருந்தது. இப்போது அதன் ஓரம் தெளிவாகத் தெரிந்தது. மேலே உருண்டை, அதன் கீழே இருபுறமும் சரியும் தோள், ஒரு பக்கம் இடுப்பில் ஊன்றிய முழங்கை, மறுபக்கம் சற்று வெளியே நீண்ட கை, கீழே தரைவரை இறங்கும் புடவையின் அகலம்.

ஒன்றைக் கவனியுங்கள், எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறாகச் சொல்கிறார்கள். அங்கே நிழல் இல்லை. மற்ற இடங்களைப் போலவே அங்கும் வெளிச்சம் பளிச்சென்று படிந்திருந்தது. நிழல் இருந்தால் எந்த இடத்தில் அமராமல் இருக்குமோ, அந்த இடத்தில் மட்டும் பூச்சிகள் அமரவில்லை. அவ்வளவுதான்.

கலியமூர்த்தி கொல்லைப் படியில் வந்து நின்றார். "என்ன அத்தான் பாக்குறீங்க?" என்று ஆரம்பித்தவர் அதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மாப்பிள்ள, பீரோவுல இந்த வேட்டியோட அந்துருண்ட போட்டிருந்தேன். அந்த வாட பட்ட எடத்துல பூச்சி உக்காராது" என்றேன்.

"ஆமாங்க அத்தான். அப்படித்தான் இருக்கும்" என்றார். பாதி கடித்த முறுக்கு அவர் கையிலேயே இருந்தது.

ஆனால் மடித்து வைத்த துணியில் வாடை பட்டால், பிரிக்கும்போது மடிப்புக்கு மடிப்பு அதே கறைதான் விழும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்காது. எனக்கே அது தெரிந்திருந்ததால் சோதித்தேன். கட்டை அவிழ்த்து, வேட்டியைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டினேன். துணியில் ஏதேனும் இருந்தால் அந்த வடிவமும் தலைகீழாக வர வேண்டும். பூச்சிகள் திரும்ப வந்து அமர்ந்தன. வடிவம் அதே இடத்தில் நிமிர்ந்தே நின்றது.

பிழை துணியில் இல்லை என்றால், துணிக்கும் விளக்குக்கும் நடுவில் இருக்கிறது. முதலாண்டு மாணவனுக்கும் இது தெரியும். அந்த நடுவில் ஈரப் புல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. கை நீட்டிப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். நீட்டவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

சாப்பிடக் கூப்பிட வந்த செல்வி, வந்த வேகத்தில் நின்றுவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"அண்ணே, இது எந்த வேட்டி?"

கலியமூர்த்திதான், "நாம போட்டது" என்றார்.

"கட்டிக்கவே இல்லையா?"

"செல்வி, கொஞ்சம் சும்மா இரு."

"இல்லங்க. எங்க வீட்ல சொல்லுவாங்க, கோடி கட்டிக்கிட்டாத்தான் போனவுங்களுக்குப் போயிட்டோம்னே தெரியுமாம். கட்டாமயே வெச்சிருந்தா அதுங்க பாட்டுக்கு அங்கயே நின்னுக்கிட்டு..."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத மாட்டேன். சமூகம் போட்ட ஒரு முழத் துணியில்தான் ஒருத்தியின் இருப்பும் இல்லாமையும் அடங்கியிருக்கிறது என்றால், நாற்பதாண்டு இல்லறம் எந்தக் கணக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அந்தக் கணத்தில்தான் அது வந்தது.

நாரத்தை மரத்திலிருந்து தாழப் பறந்து, விளக்கை ஒருமுறை சுற்றி, நேராக வேட்டிக்குப் போயிற்று. ஒரு பூச்சியும் தொடாத அந்த வடிவத்துக்குள் நுழைந்தது. நீண்டிருந்த கையின் நுனியில், உள்ளங்கை இருக்க வேண்டிய இடத்தில், போய் அமர்ந்து சிறகை விரித்தது. பாசி நிறம். குறுக்கே தயிர் வழிந்த கறை.

"அக்கா சொல்லுமே, அதானே இது?" என்றார் கலியமூர்த்தி. அவர் தோளில் கிடந்த துண்டு எப்போது கைக்கு இறங்கிற்று என்று நான் கவனிக்கவில்லை.

விளக்குக்குப் பின்னாலிருந்து கைபேசியில் படம் எடுத்தேன். படம் கலங்கவில்லை என்பதைப் பெருமையாகவே சொல்கிறேன். முழுத் துணியும் தெரிய ஒன்று. நெருக்கமாகப் பெரிதாக்கி ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தயிர்க்காரி எழுந்து இருட்டுக்குள் போயிற்று. அது போன சற்று நேரத்தில் தத்துப்பூச்சிகள் ஒவ்வொன்றாக அந்த வடிவத்துக்குள் வந்து அமரத் தொடங்கின. முதலில் தோளில், பிறகு இடுப்பில், கடைசியாகக் கையில். வேட்டி முழுவதும் ஒரே பச்சையாயிற்று.

"தோச ஆறிப்போச்சுண்ணே" என்றார் செல்வி. போய்ச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை, ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கையில், நான் அளவுநாடாவோடு கொல்லையில் நின்றேன். ஒரு நிழலின் உயரமும், அதை விழச்செய்தவரின் உயரமும், விளக்கிருக்கும் இடமும் தெரிந்தால் அவர் எங்கே நின்றார் என்று கணக்கிடலாம், பள்ளிக் கணிதம்தான். வடிவத்தின் உயரத்தைப் படத்திலிருந்து எடுத்தேன். என் மனைவியின் உயரம் எனக்குத் தெரியும். கணக்கு காட்டிய இடத்தில் ஒரு சிறு வட்டத்துக்குப் புல் முளைப்பதில்லை. ஆண்டுக்கணக்காக அவள் நின்று நின்று தேய்த்த இடம் அது. கணக்கு தவறியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

படங்களை அந்தக் குழுவுக்கு அனுப்பினேன். கூடவே கடுமையான ஒரு கடிதமும் எழுதினேன்: இதே இனத்தை இதே கொல்லையில் இதற்கு முன்பே என் மனைவி பதிவு செய்தாள், அதை நீங்கள் அழித்தீர்கள் என்று. பதில் உடனே வந்தது. ஒரே பாராட்டு மழை. டெல்டாவின் முதல் பதிவு என்றார்கள். என் பெயரைப் போடுகிறோம் என்றார்கள். பழைய பதிவைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதியவர் அதே சரிபார்ப்பாளர். முதல் பதிவு என்னுடையது அல்ல என்று திரும்ப எழுதினேன். அதற்கு அவர் எழுதியது இது. சொல் மாறாமல் தருகிறேன்.

"ஐயா, முழுத் துணி தெரியும் படத்தில் விளக்குக்கு முன்னால் ஓர் அம்மா நிற்பதால் அவர் நிழல் விழுந்து பாதித் துணி இருட்டாக இருக்கிறது. அடுத்த முறை அவரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவரும் பூச்சியைப் பார்த்திருப்பதால், விதிப்படி இரண்டாவது சாட்சியாகச் சேர்க்கலாம். பெயர் என்ன?"

அந்த மாலையில் நான் கண்ணால் கண்டபோது துணி வெளிச்சமாக இருந்தது. அன்று கைபேசியில் பார்த்தபோதும் வெளிச்சமாகத்தான் இருந்தது. அளவெடுத்தது அந்தப் படத்தை வைத்துத்தான். பதில் வந்த பிறகு அதே படத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. உருண்டைத் தலையும் ஊன்றிய கையும் கறுப்பாக, எந்த வகுப்பிலும் எடுத்துக்காட்டாகக் காட்டத்தக்க தெளிவோடு, நிழல் விழுந்திருந்தது. கலியமூர்த்தி கைபேசிக் கோளாறு என்கிறார். ஆர்வக் கோளாறு என்பதைவிட அது எவ்வளவோ தேவலை.

பதிலை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நான் எந்தப் பதிவிலும் பொய் எழுதியவன் அல்லன். 'விசாலாட்சி' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். என் பெயருக்கு முன்னால் அது வர வேண்டும் என்றேன். வந்தது. முன்பு தாம் அழித்த அதே பெயர் என்பது கூட அந்த மனிதருக்கு உறைக்கவில்லை. இன்றும் அந்தப் பக்கத்தில் அவள் பெயர் முதலாவதாக இருக்கிறது. நீங்களே போய்ப் பார்க்கலாம்.

கோடி வேட்டியை நான் இன்னும் உடுத்தவில்லை. அதன் பிறகு நிலவில்லாத எத்தனையோ மாலைகளில் அதையே கட்டி விளக்கு வைத்துவிட்டேன். சித்தப்பா மீசை வருகிறது. பட்டாமணியார் வந்து விடியும்வரை இருக்கிறார். வேட்டியின் மூலைமுடுக்கெல்லாம் பூச்சி அமர்கிறது. ஓர் உள்ளங்கை அளவு இடம்கூடக் காலியாக நிற்பதில்லை. அப்படியானால் அன்றைக்கு அவள் வந்தது, வந்தது என்று நான் சொல்லவில்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், தயிர்க்காரிக்காகத்தானே ஒழிய, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்காக இல்லை என்றாகிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபமும் உண்டு.

ஆனால் அந்தப் படத்தைத் திறக்கும்போதெல்லாம் வகுப்பில் நானே பலமுறை சொன்ன ஒன்று நினைவுக்கு வந்து, மேற்கொண்டு பார்க்க விடாமல் கைபேசியைக் கவிழ்த்து வைக்கச் செய்கிறது. நிழலுக்கு முகமும் கிடையாது, முதுகும் கிடையாது. நேராக நிற்கும் ஒருவரின் நிழலை மட்டும் பார்த்து, அவர் துணியைப் பார்த்து நிற்கிறாரா, விளக்கின் பக்கம் திரும்பி நிற்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது.